ஹெலன் தள்ளிவிட்ட ராக்கெட்

ஹெலனுக்கு ஒன்பது வயதில் தொடங்கிய வியாதி அது. கிறிஸ்மஸ் நாடகத்தில் மரியாள் வேஷத்தை வாத்தியார் மகளுக்குக் கொடுத்துவிட்டு, ஹெலனை நான்கு காலில் நிற்கவைத்து, வெள்ளைப் போர்வையைப் போர்த்தி, நீ ஆடு என்றார்கள். அந்த ஆடு கடைசிவரை ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மரியாளையே முறைத்துக்கொண்டிருந்தது. அந்த வாத்தியார் மகள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று ஹெலன் இன்றுவரை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது என்று போன வருஷம் கேள்விப்பட்டபோது ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்டாள்.

செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கம் பிறந்தவள். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ஹெலன் பத்தாவது முடித்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு செருப்புக் கம்பெனியில் மூன்று வருஷம் தையல் போட்டாள். இருபத்திரண்டு வயதில் ஜெபக்குமாரைக் கட்டிக்கொண்டு திருப்போரூர் வந்தாள். அவன் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் ஏ.சி. மெக்கானிக். அதிர்ந்து பேசமாட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டாள்.

வீட்டு வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. மீன்காரி கூடையை இறக்கும்போதே இது இன்றைக்குப் பிடித்ததா, ஐஸில் மூன்று நாள் கிடந்ததா என்று சொல்லிவிடுவாள். அவள் வைக்கும் வஞ்சிரக் குழம்புக்கு ஜெபக்குமாரின் ஓட்டல் சமையல்காரர் இரண்டு தடவை வந்து பக்குவம் கேட்டுப்போயிருக்கிறார். எல்லாம் சரி. ஆனால் அடுத்த வீட்டுக் குக்கர் விசிலடித்தால், நம்முடையதைவிட அது நன்றாக அடிக்கிறதே என்று காது அங்கே போய்விடும்.

இருபது வருஷமாக அந்தக் காது முக்கால்வாசி நேரம் ஷாரோன் பக்கம்தான் இருந்தது.

ஷாரோன் ஜெபக்குமாரின் தம்பி கிருபாகரனின் மனைவி. கூடுவாஞ்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். சண்டைக்கு வரமாட்டாள். ஹெலனுக்கு அதுதான் பெரிய குறை. குத்திப் பேசினால் “சரிக்கா” என்பாள். ஒரு புடவை எடுத்தால் அக்காவுக்கும் ஒன்று எடுத்துவருவாள். அந்தப் புடவை ஹெலன் எடுப்பதைவிட நன்றாக வேறு இருக்கும்.

இவர்களுடைய மாமனார் தாவீது, ஆயுசு முழுக்க ஊரார் நெல்லை அறுத்தவர். கடைசிக் காலத்தில் உப்பளத்தில் வாட்ச்மேன் வேலை பார்த்து, ஊருக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருபது சென்ட் வாங்கிப்போட்டார். சாவதற்கு முன்னால் நடுவில் ஒரு கல்லை நட்டு, மூத்தவன் முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஹெலன் காலடியால் மூன்று தடவை அளந்து பார்த்து, முருங்கை மரம் நின்ற பக்கத்தை எடுத்தாள். சர்வே நம்பர் 114/2A. ஆறு மாதம் கழித்துப் பக்கத்தில் லேஅவுட் போட்டார்கள். புதிய ரோடு ஷாரோனின் 114/2B-யை ஒட்டி வந்தது. அன்றைக்கு ஹெலன் அடுப்பே மூட்டவில்லை.

மனைகள் இரண்டும் சும்மாதான் கிடந்தன. ஹெலன் வாரத்துக்கு ஒரு நாள் போய் முருங்கை பறிப்பாள், செடி பிடுங்குவாள். பிடுங்கியதைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வீசுவாள். தென்னை மட்டை, உடைந்த ஓடு, பாத்ரூம் மாற்றியபோது கழற்றிய பழைய கமோடு எல்லாம் ஷாரோன் மனைக்குத்தான் போயின. ஷாரோன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள், பார்த்து வருத்தப்படுவாள், ஆள் விட்டு அள்ளுவாள். இந்த வேலையைச் செய்வது மறுபக்கத்து மனைக்காரர் ஜானகிராமன் என்று அவளுக்குச் சந்தேகம். ஹெலன் ஒருநாளும் அந்தச் சந்தேகத்தைக் கலைத்ததில்லை.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் முருங்கைக்கீரை பறிக்கப் போனவள், மரத்தடியில் ஒரு கறுப்பு உருண்டையைப் பார்த்தாள். கல்யாண வீட்டு அண்டா அளவு இருக்கும். கயிறு சுற்றியதுபோல மேலெல்லாம் கறுப்பு இழை. ஒரு பக்கம் தீயில் வாட்டியதுபோலப் பிசிறு. பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. மரத்தில் ஒரு பெரிய கிளை முறிந்து தொங்கியது. ஹெலனுக்கு வந்தது ஒரே நினைப்புதான். ஈ.சி.ஆர். பக்கம் ரிசார்ட் கட்டுகிறவன் எவனோ லாரியைப் பின்னால் எடுத்து மரத்தில் இடித்து, செப்டிக் டேங்க் சாமானைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

“பாழாப் போறவனுங்க, எங்க வூட்டு மனைதான் கெடச்சிதா,” என்று திட்டிக்கொண்டே கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினாள். பார்த்த அளவுக்குக் கனமில்லை. மாவரைக்கும் கல்லைப்போல உருண்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் மூன்றடி தள்ளி விட்டுவிட்டு, பள்ளத்தில் காய்ந்த இலையைத் தள்ளி மூடினாள். கீரையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. குப்பையைத் தள்ளியதை யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா.

சனிக்கிழமை ஷாரோன் மனையைப் பார்க்க வந்தாள். டீச்சர் அல்லவா, பார்த்ததுமே அவளுக்கு இது வேறு சாமான் என்று தெரிந்துவிட்டது. போலீசுக்குப் போன் செய்தாள். வெடிகுண்டு பார்க்கிறவர்கள் வந்து தட்டி, மோந்து, கருவி வைத்துப் பார்த்து, இது குண்டு இல்லை, ராக்கெட்டில் இருந்து விழுந்த டேங்க் மாதிரி தெரிகிறது, மேலே எழுதுகிறோம், பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை பேப்பரில் படம். உருண்டைமேல் கைவைத்து, மஞ்சள் சுடிதாரில் ஷாரோன். ‘ஆசிரியை மனையில் விழுந்த விண்வெளிப் பொருள்.’

போன் வந்தது.

“அக்கா, பேப்பர் பாத்தீங்களா?”

“எங்க வூட்ல பேப்பரு வாங்கறதில்ல,” என்றாள் ஹெலன். பேப்பர் மடியில் இருந்தது.

“போட்டோல தலையெல்லாம் கலைஞ்சிருக்குக்கா.”

“உனுக்கு இன்னா, கலைஞ்சாலும் நல்லாத்தான் கீது.”

போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்து, மளிகை அலமாரியில் ஷாரோனின் முகம் கீழே பார்க்கும்படி விரித்து, மேலே மிளகாய்த்தூள் டப்பாவை வைத்தாள். அரை மணி நேரத்தில் டப்பாவை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தாள். வானத்திலிருந்து ஒரு சாமான் இறங்கியிருக்கிறது. உலகத்தில் இத்தனை இடம் இருக்க, நேராக ஹெலனின் முருங்கை மரத்தடிக்கு வந்திருக்கிறது. அதைத் தன் கையால் ஷாரோனிடம் தள்ளிவிட்டிருக்கிறாள்.  வெளியே சொல்லவும் வழியில்லை. சொன்னால் ஏழு வருஷத்துக் குப்பையும் சேர்ந்து வெளியே வரும்.

சாயங்காலம் ஜெபக்குமாரிடம் வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

“அது மேலேர்ந்து வரசொல்ல நம்ம மனைக்கு மேலதானேயா வந்திருக்கும்?”

“வந்திருக்கும். அதுக்கு இன்னா இப்போ?”

“அப்ப நமக்கும் பாத்தியதை கீதா இல்லியா?”

“மீனம்பாக்கம் போற ப்ளேனெல்லாம் நம்ம வூட்டு மேலதான் போவுது. போய் ஒண்ண புட்சிகினு வா,” என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு கோயிலில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம் விடுவார்கள். பத்து ரூபாய்க் கத்தரிக்காய் முந்நூறுக்குப் போகும். யார் எதை எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்பதுதான் அடுத்த பண்டிகைவரை பேச்சு. நிலம் இல்லாதவர்கள் கேக், முட்டை, சேவல் என்று எதையாவது கொண்டுவருவார்கள். ஹெலன் மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயைக் கொண்டுபோனாள்.

ஷாரோனும் கிருபாகரனும் ஆட்டோவில் வந்தார்கள். நடுவில் அந்த உருண்டை. மேலே ஒரு செவ்வந்தி மாலை.

“பத்து வருசமா எங்க மனையில ஒண்ணும் விளையல. இந்த வருசம் கர்த்தர் இதைக் குடுத்தாரு. அதான் கொண்டாந்துட்டோம்,” என்றாள் ஷாரோன். சபையே கைதட்டியது. ஆயர் அதை வைத்தே பிரசங்கத்தின் நடுவில் இரண்டு நிமிஷம் பேசினார். மேலிருந்து வருகிற நன்மை என்றார். ஹெலன் பாட்டுப் புஸ்தகத்தைச் சுருட்டித் திருகிக்கொண்டிருந்தாள்.

பந்தலில் ஏலம் விட்டது சபைச் செயலர் பன்னீர்செல்வம். மைக் இல்லாமலே ரெண்டு தெருவுக்குக் கேட்கும் தொண்டை.

“ஒரே பீசு. அடுத்த வருசம் வராது. ஐந்நூறு ஒருதரம்.”

கொடுத்தவர்களே திரும்ப எடுப்பதும் உண்டு. கிருபாகரன் ஆயிரம் என்றான். டைல்ஸ் கடைக்காரர் ஆயிரத்து ஐந்நூறு. கிருபாகரன் இரண்டாயிரம். ஹெலன் ஜெபக்குமாரின் முழங்கையைக் கிள்ளினாள்.

“இன்னாமே?”

“கைய தூக்கு.”

“அத வச்சிகினு இன்னா பண்றது, தண்ணி புடிக்கிறதா?”

ஹெலனே எழுந்தாள். “மூவாயிரம்.”

பந்தல் திரும்பிப் பார்த்தது. கிருபாகரன் சிரித்தான். “அண்ணி, உங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க. நான் விட்டுடறேன்.”

“நீ ஒண்ணும் விட்டுத் தர வேணாம் தம்பி. ஏலம்னா ஏலம். கேளு.”

அவன் விளையாட்டுக்கு ஏற்றினான். அவள் விளையாடவில்லை. வாஷிங் மெஷினுக்கு என்று அரிசி டிரம்மில் போட்டுவைத்திருந்த பதினோராயிரத்தில் போய் நின்றது. பன்னீர்செல்வம் மூன்றாந்தரம் சொல்லி மேஜையைத் தட்டினார். ஷாரோன் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்ககிட்டயே வந்ததுல எனக்குச் சந்தோசம்க்கா.” அந்த ஒரு வார்த்தையில் பதினோராயிரமும் தண்ணீரில் போனது ஹெலனுக்கு. இப்போதும் அது ஷாரோன் கொடுத்ததாகவே ஆகிவிட்டது.

ஆனாலும் நான்கு நாள் அவள் நாள். டி.வி.யை உள்ளறைக்கு மாற்றி, அந்த மேஜைமேல் உருண்டையை வைத்தாள். தெருவில் உள்ளவர்கள் வந்து பார்த்தார்கள். தொட வந்தவர்களின் கையைத் தட்டிவிட்டாள். “ஷாரோன் டீச்சரு கொடுத்ததா இது?” என்று கேட்டவளுக்கு டீ கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் வாசலில் இரண்டு கார் நின்றது. வி.ஏ.ஓ. வந்தார். விண்வெளித் துறையிலிருந்து ஆதித்யா என்ற இளம் இன்ஜினியர் வந்தான். கூடவே ஒரு வக்கீல் பெண். அவளை ஹெலனுக்குத் தெரியும். திருப்போரூர் வேதாந்தம் வாத்தியாருக்கும் கோமளத்துக்கும் பிறந்த மகள் மானசா. அந்த டேங்கை அனுப்பிய வெளிநாட்டுக் கம்பெனிக்கு இந்தியாவில் அவள்தான் வக்கீல் என்றாள். ராக்கெட்டுக்குக்கூட வக்கீல் உண்டா என்று ஹெலனுக்கு ஆச்சரியம். அதைவிட, கோமளத்தின் மகளுக்கு இப்படி ஒரு வேலையா என்று எரிச்சல். ஷாரோனையும் கிருபாகரனையும் வரச்சொல்லியிருந்தார்கள். பன்னீர்செல்வமும் வந்து கதவோரம் ஒட்டி நின்றார்.

ஆதித்யா கையுறை மாட்டிக்கொண்டு உருண்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“இதை ஏன்மா வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க? உள்ள விஷ எரிபொருள் மிச்சம் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“ஒண்ணும் ஆவலியே. பதினோராயிரம் குடுத்து ஏலத்துல எடுத்தது. ரசீது கீது.”

மானசா ரசீதை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “மாமி, ரசீது சரிதான். ஆனா சர்ச்சுக்கு இதை விக்க உரிமை இல்ல. ஷாரோன் மேடத்துக்குக் குடுக்கவும் உரிமை இல்ல. இது இன்னும் கம்பெனியோடதுதான்.”

“கீழ வுழுந்த பொறவும்?”

“எங்க விழுந்தாலும். கடல்ல விழுந்திருந்தாலும். அறுபத்தேழுல நாடுகள்லாம் சேந்து போட்ட ஒப்பந்தம் இருக்கு. நம்ம நாடும் அதுல உண்டு. மேல அனுப்பினது மேல இருந்தாலும் கீழ வந்தாலும் சொந்தம் மாறாது. அடுத்த நாட்டுல விழுந்தா, அவங்க கேட்டா திருப்பித் தரணும். அதுக்குத் தனியா இன்னொரு ஒப்பந்தம்.”

“வானத்துல மனை வாங்கி வச்சிருக்காங்களா உங்க கம்பெனிக்காரங்க?”

“வானம் யாருக்கும் சொந்தம் இல்ல மாமி. அதுவும் அதே ஒப்பந்தத்துலதான் இருக்கு.”

“நல்லாக் கீதே நாயம். வானம் யாருக்கும் சொந்தமில்ல, அதுலேர்ந்து வுழறது மட்டும் உங்களுக்கு சொந்தம்.”

“ஆத்துத் தண்ணி பொதுவா இருந்தா, அதுல போற படகும் பொதுவாயிடுமா? உங்க வண்டிக்கு ஆர்.சி. புக்கு இருக்கற மாதிரி இதுக்கும் அந்த நாட்டுல பதிவு இருக்கு. இன்டர்நெட்டுக்காகச் சின்னச் சின்ன சாட்டிலைட்டா நூத்துக்கணக்குல அனுப்பறாங்க. தூக்கிட்டுப் போன ராக்கெட்டோட கடைசித் துண்டு சுத்திச் சுத்தி வந்து, எரிஞ்சது போக மிச்சம் விழும்.”

“அப்ப எங்க தலைமேல வுழுந்திருந்தா?”

இதற்கு ஆதித்யா பதில் சொன்னான். “அதுக்கும் சட்டம் இருக்கும்மா. பூமியில சேதம் ஆனா, யார் தப்புன்னே கேக்க வேண்டியதில்ல. அனுப்பின நாடு நஷ்டஈடு குடுக்கணும். கம்பெனி தனியாரோடதா இருந்தாலும் பொறுப்பு அந்த நாட்டுக்குத்தான்.”

“புருசன் பண்றதுக்கெல்லாம் பொண்டாட்டி பதில் சொல்ற மாதிரி,” என்றாள் ஹெலன். ஜெபக்குமார் மின்விசிறியைப் பார்த்தான்.

“காசைத் திருப்பித் தந்துடறோம் சகோதரி,” என்று பன்னீர்செல்வம் கதவோரத்திலிருந்து சொன்னார். ஷாரோன் பக்கத்தில் நிற்காமல் இருந்திருந்தால் ஹெலன் அந்த இடத்திலேயே கை நீட்டியிருப்பாள். “காணிக்கைன்னு குடுத்தது. இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்தாள்.

ஆதித்யா ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். இங்கிலீஷில் நான்கு பக்கம். “இது இங்கேர்ந்து டெல்லிக்குப் போகும். அங்கேர்ந்து அந்த நாட்டு அரசாங்கத்துக்கும் ஐக்கிய நாடுகள் சபைக்கும் தகவல் போகும். முதல்ல பார்த்தவர் பேர், விழுந்த இடம், சர்வே நம்பர். ஷாரோன் மேடம், நீங்க கையெழுத்துப் போடணும்.”

ஷாரோன் தலையைக் கோதிவிட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.  பேப்பர் போதாதென்று ஐக்கிய நாடுகள் சபை. இவள் பேர் வெளிநாட்டுக்குப் போகப்போகிறது. அதுவும் ஹெலனின் மரத்தடியில் விழுந்த சாமானுக்கு.

ஆதித்யா பேனாவைக் கொடுக்காமல் நிறுத்தினான். “மேடம், ஒரு சந்தேகம். வர்ற வழியில உங்க மனையைப் பார்த்துட்டுத்தான் வந்தோம். இவ்ளோ உயரத்துலேர்ந்து விழுந்தா ஒரு பள்ளமாவது இருக்கணும். உங்க போட்டோல புல்லுகூட மடங்கல. இது அங்க விழலை. யாரோ கொண்டுவந்து போட்டிருக்காங்க.”

ஷாரோனின் முகம் சுண்டியது. “நான் பார்த்தப்ப அங்கதான் சார் இருந்துச்சு.”

“நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. ஆனா இது ரெண்டு நாட்டுக்கு நடுவுல போற காகிதம். நான் தெரியாததை எழுத முடியாது.”

ஹெலனுக்கு உடம்பு குளிர்ந்தது. வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்த மாதிரி இருந்தது. நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எனக்கு இல்லை, சரி. உனக்கும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இதுபோல ஒரு சுகம் அவளுக்கு அந்த வருஷத்தில் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் டீ போட எழுந்தாள்.

“அப்ப என்ன எழுதப்போறீங்க?” என்று மானசா கேட்டாள்.

“விழுந்த இடம் தெரியவில்லை. முதலில் பார்த்தது அடையாளம் தெரியாத நபர்.”

சமையலறை வாசலில் ஹெலன் நின்றுவிட்டாள். அடையாளம் தெரியாத நபர். அது யார்? அது அவள்தான். நாற்பத்தாறு வயதில், பெயர், வீடு, ரேஷன் கார்டு, சபைப் பதிவேட்டில் முப்பத்தேழாம் நம்பர் எல்லாம் வைத்துக்கொண்டு, டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் அவளைப் பேரில்லாதவள் என்று எழுதி அனுப்பப்போகிறார்கள். பேனா காகிதத்தில் இறங்கிவிட்டது.

“நிறுத்து நைனா,” என்றாள்.

ஆதித்யா நிமிர்ந்தான்.

“அது வுழுந்தது என் மனையில. முருங்கை மரத்தாண்ட. மொதல்ல பாத்தது நான். வியாழக்கெழம காலைல.”

“அப்புறம் எப்படி அந்த மனைக்குப் போச்சு?”

“நான்தான் தள்ளினேன்.”

“எதுக்கு?”

“குப்பைன்னு நெனச்சேன். குப்பைய அந்தாண்டதான் தள்ளுவேன்.”

 பன்னீர்செல்வம் தொண்டையைச் செருமினார். ஷாரோன் மெதுவாகத் திரும்பினாள்.

“அக்கா, அப்ப அந்தக் கமோடு?”

“அதுவும் நான்தான்.”

“தென்னை மட்டை, ஓடு?”

“எல்லாம் நான்தான். ஏழு வருசமா. இப்ப இன்னான்ற?”

“ஜானகிராமன் சாரைப் போன்ல எவ்ளோ பேசிட்டேன் தெரியுமா. போலீசுக்குப் போவேன்னு சொன்னேன். அவரு மனையவே வித்துட்டுப் போயிட்டாரு.”  அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஹெலனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“என்னாண்ட சொல்லியிருந்தா நானே அள்ளிப் போட்டிருப்பேனே,” என்றான் ஜெபக்குமார். அந்த மாதத்தில் அவன் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

எல்லோரும் மனைக்குப் போனார்கள். ஹெலன் இலையை விலக்கினாள். ஒன்றரை அடிப் பள்ளம். ஆதித்யா குனிந்து டேப் வைத்து அளந்து படம் எடுத்தான். பள்ளத்துக்குள்ளிருந்து விரல் நீளத்துக்கு வளைந்த ஒரு இரும்புத் துண்டை எடுத்து உறையில் போட்டான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஹெலன் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். காரின் முன்பக்கத்தில் படிவத்தை வைத்து அங்கேயே எழுதினான். எழுத எழுத மானசா தமிழில் படித்துச் சொன்னாள்.

“விழுந்த இடம் 114/2A. முதலில் பார்த்தவர் ஹெலன், கணவர் பெயர் ஜெபக்குமார். பொருள் இடம் மாற்றப்பட்டதா, ஆம். காரணம், குப்பை என்று நினைத்து ஹெலன் அடுத்த மனையில் தள்ளினார்.”

“குப்பைன்றத எடுத்துடு மா.”

“உண்மைதானே மாமி.”

“உண்மைதான். எடுத்துடு.”

“எடுக்க முடியாதும்மா,” என்றான் ஆதித்யா. “ஏதாவது சேதம் இருக்கா?”

“அந்தக் கெள ஒடிஞ்சிது பாரு. காய் வுட்டுகினு இருந்த கெள.”

மானசா முருங்கையை அண்ணாந்து பார்த்தாள். “ஒரு கிளைக்கா மாமி? அதை நம்ம அரசாங்கம்தான் அவங்க அரசாங்கத்துக்கிட்ட கேக்கணும். ஒரு வருசத்துக்குள்ள. இதுவரைக்கும் யாரும் முருங்கைக்குக் கேட்டதா எனக்குத் தெரியல.”

“கெள உங்க வூட்டுதா?” என்றாள் ஹெலன். பிறகு ஆதித்யா பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, “அந்த எடத்துல ஷாரோன் பேரு வருமா?” என்று கேட்டாள்.

“சேதம் உங்க மனையிலதானே. உங்க பேர் மட்டும்தான்.”

“அப்ப எழுது.”

அவன் எழுதினான். கேட்பதா வேண்டாமா என்று டெல்லியில் முடிவு செய்வார்கள் என்றான். ஹெலனுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான்கு பக்கத்தையும் புரட்டச் சொன்னாள். இங்கிலீஷில் தன் பேரும் ஷாரோன் பேரும் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். விரல் வைத்து எண்ணினாள். அவள் பேர் ஐந்து இடத்தில். போலீசுக்குச் சொன்னவர், அடுத்த மனைக்காரர் என்று ஷாரோன் பேர் இரண்டு இடத்தில். கையெழுத்துப் போட்டாள். ஜெராக்ஸ் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஷாரோனும் கிருபாகரனும் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிப் போயிருந்தார்கள்.

இந்த விஷயம் பேப்பரில் வரவில்லை. சபையில் மட்டும் வந்துவிட்டது. ராக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, கமோடைப் பற்றித்தான் பேசினார்கள். ஹெலன் ஜெராக்ஸைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு போய், கேட்டவர்களிடம் நீட்டினாள். கேட்டவர்கள் குறைவு.

ஷாரோன் போன் செய்வதில்லை. பங்குனியில் ஆள் வைத்து, கல் இருந்த இடத்தில் ஆறடிக்கு மதில் எழுப்பிவிட்டாள். ஒரு சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. ஹெலன் செடி பிடுங்கப் போனபோது மதில் முடிந்திருந்தது. கையில் பிடுங்கிய செடியோடு நின்று பார்த்தாள். தூக்கி வீச முடியாத உயரம். நல்ல சிமென்ட். வளைவே இல்லாத வரிசை. இந்தக் கொத்தனாரை இவள் எங்கே பிடித்தாள் என்று தெரியவில்லை. ஹெலன் வீட்டுச் சுற்றுச்சுவரைக் கட்டியவன் கோணலாகக் கட்டிவிட்டுப் போயிருந்தான்.

சாயங்காலம் ஜெபக்குமாரையும் கூட்டிவந்து காட்டினாள்.

“பாத்தியா, நம்ம பக்கமும் பூசி உட்டுகீறா.”

“நல்லதுதானே.”

“இன்னா நல்லது? அவ செவுரு, அவ பக்கம் பூசிகினு போவ வேண்டியதுதானே. நம்ம பக்கம் எவ கேட்டா? வெள்ள வேற அடிச்சிகீறா பாரு.”

“வேணாம்னா போன் பண்ணி சொல்லு.”

ஹெலன் போனை எடுத்தாள். பேரைத் தேடினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அதை இடுப்பில் செருகிவிட்டு, பூச்சில் எங்காவது விரிசல் இருக்கிறதா என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிக்கொண்டே நடந்தாள். ஒன்றும் அகப்படவில்லை.